சோபாவை நகர்த்தியவருக்கு

இந்த வாரக் கடிதத்தை எழுதியவருக்கு 33 வயது. 11 வருடமாக ஒரு ஜிம்மில் பயிற்சியாளராக இருக்கிறார். மனைவி முனைவர் பட்டம் வாங்கி ஆராய்ச்சி வேலையில் இருப்பவர். 8 வயதில் ஒரு மகள். கடிதம் 6 பக்கம். அடையாளம் தெரிகிற விவரங்களை எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் மனைவியின் நண்பர்கள் ஒரு வீட்டில் கூடியிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவால் யார் யாருக்கு வேலை போகும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கும் அதில் சொல்ல ஒன்று இருந்தது. பயிற்சித் திட்டம் போட்டுத் தருகிற செயலியை அவர் ஜிம்மில் சிலர் பயன்படுத்துகிறார்கள், திட்டம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கிறவரை அதற்குத் தெரிவதில்லை என்று சொல்ல வந்தாராம். வாயைத் திறப்பதற்குள் ஒருவர், "ப்ரோ, நீங்க அந்த சோபாவைக் கொஞ்சம் நகர்த்திப் போடுங்க, இதெல்லாம் நாங்க பேசிக்கிறோம்" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தார். இவரும் சிரித்துக்கொண்டே எழுந்து சோபாவை நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அன்று அவர் பேசவில்லை, பேசாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

அன்றிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் எடை தூக்குகிறார். தூக்கம் 5 மணி நேரம். ஒரு வேளை தவறினாலும் வீட்டில் எரிந்து விழுகிறார். வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை வைத்து 3 வருடம் முழுநேரமாகப் பட்டப்படிப்பு படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார். மகள் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள் என்று அவளை விடிவதற்கு முன் எழுப்பி ஓட வைக்கிறார், அவள் அழுகிறாள். போன வாரம் அந்தக் குழந்தை ஒன்று கேட்டிருக்கிறாள், அதுதான் இவரை எழுத வைத்தது: "அப்பா, படிப்பு வராதவங்கதான் ஜிம்முல வேலை பார்ப்பாங்களா?"

கேள்விகள் மூன்று. படிக்கப் போகலாமா? மனைவி என்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறாள்? மகளுக்கு என்ன பதில் சொல்வது?

சரி, இனி உங்களிடமே பேசுகிறேன்.

நண்பர் அடித்தது மட்டமான ஜோக், அது போகட்டும். நீங்கள் எழுந்து போய் சோபாவை நகர்த்தினீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். யோசித்துப் பாருங்கள், அந்த ஆள் உங்கள் உடம்பைக் கிண்டல் செய்யவே இல்லை. ஒரு வகையில் அதற்கு மரியாதை கொடுத்துவிட்டு, உங்களை மட்டும் பேச்சிலிருந்து வெளியே எடுத்து வைத்தார். இவர் பலசாலி, ஆகவே இவரிடம் யோசனை கேட்க வேண்டியதில்லை என்கிற கணக்கு. அந்தக் கணக்கை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, நாம் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்தான். திரையில் கட்டான உடம்பைப் பார்த்தால் வாயைப் பிளக்கிறோம், ஆனால் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு பீரியட். உடம்பின் பக்கம் பேசுவதாக நாம் நினைக்கிற பழமொழிகூட, சுவர் இருந்தால்தான் சித்திரம் என்கிறதே, அதிலும் உடம்புக்குக் கிடைத்திருப்பது சுவர் வேலைதான். பார்க்க வருகிறவர்கள் சித்திரத்தைத்தானே பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கின் அடியில் இருக்கிற நம்பிக்கை என்ன? ஒரு மனிதனுக்கு மொத்தமாக இவ்வளவுதான் சரக்கு, தசைக்குப் போனது மூளைக்குப் போகாது என்பது. 1921ல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்கிற உளவியலாளர் நுண்ணறிவுத் தேர்வில் உச்சத்தில் இருந்த 1500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். அறிவாளிப் பிள்ளை என்றால் நோஞ்சான், கண்ணாடி, தனிமை என்பது அன்றைக்குப் பலருடைய எண்ணம். அந்தப் பிள்ளைகளோ சராசரியைவிட உடல்நலத்தில் கொஞ்சம் மேலேதான் இருந்தார்கள். அவர்களில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அதனால் அந்த ஆய்வையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்கிற தராசு அதில் தென்படவில்லை.

இன்னொரு வேடிக்கை, தராசு எதிர்ப்பக்கமும் பொய் சொல்லும். 1920ல் எட்வர்ட் தார்ன்டைக் என்கிற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகப் போடச் சொல்லியிருந்தும், ஒன்றில் உயர்வாகப் போட்டவர்கள் மற்றதிலும் உயர்வாகவே போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். ஒன்றில் நல்ல பெயர் இருந்தால் மற்றதிலும் நல்லவராகத் தோன்றுகிற இதைத்தான் 'ஒளிவட்ட விளைவு' (halo effect) என்று இப்போது சொல்கிறோம், அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆக, அதே தோள்கள் ஓர் இடத்தில் உங்களைத் தலைவராக்கும், இன்னோர் இடத்தில் சோபா தூக்க அனுப்பும். ரெண்டு இடத்திலும் யாரும் உங்களைப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

அன்று பேச்சு செயற்கை நுண்ணறிவைப் பற்றி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எந்திரம் சிந்திக்குமா என்று 1950ல் கேட்டு அந்தத் துறைக்கே வழி போட்ட ஆலன் டூரிங், 1947ல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடியவர். இதைவிட உங்களுக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் 1988ல் எழுதினார்: நுண்ணறிவுத் தேர்விலும் பலகை விளையாட்டிலும் பெரியவர்கள் அளவுக்குச் செய்யக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம், ஒரு வயதுக் குழந்தை பார்ப்பதையும் நகர்வதையும் கற்றுக்கொடுப்பதுதான் பெரும்பாடு. 1997லேயே ஒரு கணினி உலக சதுரங்க சாம்பியனை வென்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்து, சுவரில் இடிக்காமல், தரையில் கிடக்கிற செருப்பை மிதிக்காமல் ஒரு சோபாவை நகர்த்தி வைப்பது எந்திரத்துக்கு அதைவிடக் கஷ்டமான வேலை. நீங்கள் அன்று சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதுதான். அந்த அறையில் தலைப்புக்கு மிகப் பொருத்தமான கருத்து வைத்திருந்தவர் நீங்களாகக்கூட இருக்கலாம்.

இதை உங்களைத் தட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை, நானே பட்டிருக்கிறேன். 46 வயதில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர் ஒருவர் ஒரு நீளக் கம்பை என் முதுகோடு சேர்த்துப் பிடித்தார்: பின்னந்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட்டபடி இருக்க வேண்டும், இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள் என்றார். குனிந்தேன், கம்பு தலையை விட்டு எழும்பியது. மறுபடி குனிந்தேன், இந்த முறை வால் எலும்பு விலகிப் போனது. எத்தனையோ பேருக்கு மனசை விளக்கிச் சொல்கிற எனக்கு, என் உடம்பு எந்த இடத்தில் மடங்குகிறது என்று தெரியவில்லை. பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு அவர் என் தொடை மடிப்பில் இரண்டு விரலை வைத்து, "இங்க, கதவு கீல் மாதிரி" என்றார். அப்போதுதான் பிடிபட்டது. நான் என்ன தப்பு செய்கிறேன் என்று பார்த்து, அதற்கு முன் சொன்ன சொல் எனக்கு ஏறவில்லை என்று புரிந்துகொண்டு, வேறு சொல்லைத் தேடி எடுத்தாரே, இதை அறிவு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? நீங்கள் உங்களிடம் பயிற்சிக்கு வருகிற 40 பேருக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு எந்தத் தோள் இறுக்கம், யார் சரியாகத் தூங்கவில்லை, யாருக்கு எந்த வார்த்தை புரிகிறது என்று நோட்டில் எழுதி வைப்பதாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "அது சும்மா வேலைக்காக" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜோக் அடித்தவர் சொன்னதையே நீங்களும் உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறீர்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. மனைவியின் நண்பர்களை "மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற அறிவாளிகள்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஓர் இடத்தில் "சோம்பேறிகள்" என்றும். ஒருவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்துமாவாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், சாப்பிடுகிற மருந்தால் எடை கூடியிருக்கலாம், ராத்திரி ஷிஃப்டில் தூக்கம் கெட்டிருக்கலாம். வயிற்றைப் பார்த்துக் குணத்தைச் சொல்வதும் தோளைப் பார்த்து மூளையை அளப்பதும் ஒரே பழக்கம்தான். அதே மாதிரி, "உடற்பயிற்சி செய்தால் மூளை வளரும் என்று அவர்களுக்கு நிரூபித்துக் காட்டுவேன்" என்கிறீர்கள். 2011ல் வந்த ஓர் ஆய்வு உண்டு: 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரில் ஒரு பாதியினர் ஒரு வருடம் வேகநடை போனார்கள், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்கிற பகுதி அவர்களுக்கு சுமார் 2% பெரிதாகியிருந்தது. உடலை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி மட்டும் செய்த மறுபாதியினருக்கு அது கொஞ்சம் சுருங்கியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது வயதானவர்களின் வேகநடையைப் பற்றியது. எடை தூக்குகிறவர் எடை தூக்காதவரைவிடப் புத்திசாலி என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு கடினமான புத்தகத்தோடு மல்லுக்கட்டிக் கிடைப்பதை பளு தூக்கும் கம்பி தந்துவிடாது, கம்பி தருவதைப் புத்தகமும் தராது.

படிப்பு

6 பக்கத்தில் கல்லூரி இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, எத்தனை வருடம் என்பது இருக்கிறது. எந்தப் பாடம் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. இரண்டு தரம் தேடிப் பார்த்தேன்.

படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், 33 ஒரு வயதே இல்லை. ஆனால் நீங்கள் பட்டம் வாங்கியது அந்த நண்பர் கூட்டத்துக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் படிப்பீர்களா? ஆமாம் என்றால் எந்தப் பாடம் என்று தானாக வாயில் வரும். உடலியக்கம், ஊட்டச்சத்து, விளையாட்டு உளவியல், அல்லது உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத வரலாறு, எதுவாகவும் இருக்கட்டும். பதில் வராவிட்டால், 3 வருடச் சேமிப்பைக் கொடுத்து ஒரு ஜோக்குக்குப் பதில் வாங்கப் போகிறீர்கள், அந்தப் பதிலையும் அவர்கள் கேட்கப் போவதில்லை. "அடடே, ப்ரோ டிகிரி வாங்கிட்டாரு" என்று அடுத்த ஜோக் வரும், அவ்வளவுதான்.

வேலையை விடுவதற்கு முன் நிர்வாகத்திடம் நேரத்தை மாற்றிக்கொடுக்க முடியுமா, சம்பளமில்லா விடுப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் போனால் உங்களிடம் வருகிற 40 பேரில் எத்தனை பேர் கூடவே கிளம்புவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், கேட்கிற இடத்தில் நீங்கள் பலமாகவே இருக்கிறீர்கள். பிசியோதெரபி மாதிரி நோயாளிகளோடு பழகிக் கற்கிற படிப்புகளைப் பெரும்பாலும் பகுதிநேரமாகப் படிக்க முடியாது, மற்ற பலவற்றைத் தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம். முதலில் ஒரு குறுகிய காலப் படிப்பில் சேர்ந்து, வகுப்பில் உட்கார முடிகிறதா என்று பார்ப்பது மலிவான சோதனை. இன்னொன்று, அந்தச் சேமிப்பு உங்கள் இருவருடையது. விண்ணப்பம் வாங்கியதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். அது சரியில்லை.

அந்தச் சிரிப்பு

இரண்டு மாதமாக இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலேயே அவர் மனதில் இருப்பது இதுதான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். கூட்டத்தில் எல்லோரும் சிரிக்கும்போது உதடு தானாக விரியும். நீங்களும்தான் சிரித்திருக்கிறீர்கள்! உங்கள் சிரிப்புக்கு உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாத மாதிரி, அவருடையது உங்களுக்கும் தெரியாது.

"என்னை முட்டாள்னு நினைக்கிறியா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "இல்லை" என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்ல முடியாது, அந்த "இல்லை"யை நீங்களும் நம்பப் போவதில்லை. "அன்னைக்கு சோபாவை நகர்த்தச் சொன்னப்போ நீயும் சிரிச்சது எனக்கு வலிச்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பதில் சொல்ல இடம் கொடுங்கள். அடுத்த முறை இப்படி நடந்தால் "இரு, அவர் என்னமோ சொல்ல வந்தாரே" என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கேளுங்கள், அது அவரால் முடிகிற காரியம். ஒருவேளை அவருக்கும் உள்ளுக்குள் அந்த மாதிரி ஓர் எண்ணம் இருப்பது தெரிய வந்தால், இருவருமாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள், அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது.

உங்கள் பக்கமும் ஒன்று உண்டு. அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று 9 வருடத்தில் நீங்கள் கேட்டதில்லை, "எப்படியும் எனக்குப் புரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கண்ணுக்கு அது அக்கறையில்லாததாகத் தெரிந்திருக்க வாய்ப்பு நிறைய.

இரண்டு வேளைப் பயிற்சி

இதை நீங்கள் கேள்வியாகவே வைக்கவில்லை, எனக்கு இதுதான் அதிகக் கவலை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு. தொழிலில் இருப்பவர் அதைத் தாண்டுவது சகஜம், எண்ணிக்கைக்காக நான் பயப்படவில்லை. ஒரு வேளை தவறினால் எரிந்து விழுவது, 5 மணி நேரத் தூக்கம், வலிக்கிற தோளோடு தூக்குவது, கண்ணாடி முன்னால் நின்று "இன்னும் பத்தவில்லை" என்று தோன்றுவது, இந்த நான்கும் ஒரே கடிதத்தில் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. எவ்வளவு தசை இருந்தாலும் தான் ஒல்லியாக, சின்னதாக இருப்பதாகவே தோன்றுகிற ஒரு நிலை உண்டு. மனநல மருத்துவர்கள் பயன்படுத்துகிற அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், உடல் தோற்றம் பற்றிய மனக்கோளாறின் ஒரு வகையாக அது இடம்பெற்றிருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பார்த்துவிடுங்கள்.

ஜிம்மில் யாராவது ஊசி, மாத்திரை என்று பேச்சு எடுத்திருந்தால், அல்லது நீங்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். தசை வளர்க்க எடுக்கிற ஸ்டீராய்டு இதயத்தையும் விந்து உற்பத்தியையும் கெடுக்கும், எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும், நிறுத்தும்போது கடும் மனச்சோர்வு வரலாம், அதனால் நிறுத்துவதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

மகள்

விடியற்கால ஓட்டத்தை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் அது ஓட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. சைக்கிள், நீச்சல், மரம் ஏறுவது, பாட்டுப் போட்டு ஆடுவது எல்லாம் கணக்கில் வரும். அழுதுகொண்டே ஓடுகிற பிள்ளை ஓட்டத்தை வெறுக்கத்தான் கற்றுக்கொள்ளும், உங்களிடம் வருகிற பெரியவர்களில் எத்தனை பேர் பள்ளி மைதானத்தில் அவமானப்பட்டுப் பயிற்சியை விட்டவர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவள் கேட்ட கேள்விக்குக் கோபப்படாதீர்கள், அவள் உங்களிடம்தான் வந்து கேட்டிருக்கிறாள். "சிலர் அப்படி நினைக்கிறாங்க. நான் என்ன வேலை செய்றேன்னு நீயே வந்து பாரு" என்று ஒரு விடுமுறை நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். எடைகள் இருக்கிற பக்கம் வேண்டாம், மேசையில் உட்கார வைத்து அந்த நோட்டைக் கையில் கொடுங்கள். புத்தகமும் கையுமாக இருக்கிற பிள்ளை, 40 பேரைப் பற்றி அப்பா எழுதியதை விடாமல் படிப்பாள், கேள்வி மேல் கேள்வி கேட்பாள். ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்ட அந்த அரை மணி நேரத்தை ராத்திரிக்கு மாற்றி, அவள் படிக்கிற கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள், அதைக் கேட்டு அவள் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டாள்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. எப்போதாக இருந்தாலும், அதற்கு முன்னால், மாலைப் பயிற்சியை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு நாளில் மனைவியிடம் பேசிவிடுங்கள்.